நம்மாளு

நாளைக்கு இம்யூனாலஜி.
கொருக்குப்பேட்டையில் கேட் போட்டுவிட்டார்கள்.
ஷேர் ஆட்டோவுக்குள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து
சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணுகிறேன்,
நடுநடுவே படித்ததைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதல் காவல் தோல்.
ரெஜினாக்காவுக்கு அது தினமும் கிழியும்.
காசிமேட்டில் ஐஸுக்குள் கைவிட்டு
இறால் உரிக்கிறவள்.
போன வாரம் கொம்பு குத்திச் சுண்டுவிரல்
வாழைப்பூ மொட்டு மாதிரி.
சிவப்பு, சூடு, வீக்கம், வலி.
புத்தகத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தவை
அவள் விரலில் ஒரே நேரத்தில் இருந்தன.
கீறிவிட்டதும் வழிந்த மஞ்சளைப் பார்த்து
"சீ, அழுக்கு" என்றாள்.
அழுக்கில்லைக்கா,
நியூட்ரோஃபில்.
ரத்தத்தில் ஒரு நாள் ஆயுசு.
பேர் கேட்காமல் ஊர் கேட்காமல்
வந்ததை விழுங்கி, விழுந்த இடத்திலேயே செத்தவை.
பஞ்சில் துடைத்து
மஞ்சள் பையில் போட்டேன்.

லிம்போசைட் வேறு ரகம்.
லேட்டாக வரும், முகம் மறக்காது.
ஆறு வயதில் எனக்கு அம்மை போட்டபோது
தலைக்குத் தண்ணீர் ஊற்றிய தேதி
அம்மாவுக்கே நினைவில்லை.
என் எலும்புக்குள் ஏதோ ஒன்று
இன்னும் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறது.

நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ்.
நூறு பேர் சேர்ந்தால் ரெண்டு மூணு பேர் தேறுவார்கள்.
கேள்வி ஒன்றேதான்:
இது உன் வீடு, கடிப்பாயா?
கடிக்கிறவனுக்கு அரியர் கிடையாது,
வகுப்பிலேயே முடிந்தான்.
(எனக்கு அனாட்டமியில் ஒன்று நிற்கிறது.)

பதினாலாம் படுக்கை எத்திராஜுக்கு
வயது முப்பத்திரண்டு.
துறைமுக கேட்டில் கன்டெய்னர் சீல் பார்க்கிற வேலை.
கழுத்தில் கோலிக்குண்டாக நாலு கணு,
வலியே இல்லை.
ராத்திரியில் மட்டும் சட்டையைப் பிழியலாம்.

"சிஸ்டர், இந்தக் கிருமி எங்கேர்ந்து ஏறிச்சு?"

கிருமி இல்லண்ணா. எங்கேயிருந்தும் வரல.
உங்க அணுதான்.
பெருகுறத நிறுத்த மாட்டேங்குது.

"அப்ப கேட்ல நிக்கிறவன் இன்னா பண்ணான்?"

பார்த்தான்ணா. கிட்ட வந்து தொட்டே பார்த்தான்.
அதுக்குள்ள இது அவன் தோள்ல கைபோட்டு...

நான் முடிக்கவில்லை.
அவரே முடித்தார்:
"நம்மாளு, வுட்ருன்னிச்சா?"

மூன்று ராத்திரி படித்தும் ஏறாத செக்பாயின்ட்
அந்தப் படுக்கையோரம் ஏறியது.
அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.
"எங்க கேட்லயும் அதான்.
வெளியாளு ஒரு ஆணி எடுத்துனு போவ முடியாது."

சிவப்பு மருந்து இறங்கிப் பத்து நாளாயிற்று.
அது சீலும் பார்க்காது, பாஸும் கேட்காது.
வேகமாகப் பெருகுவதையெல்லாம் அடிக்கும்:
கட்டி, தலைமுடி, வாயின் உட்தோல்,
ரெஜினாக்காவின் விரலில் செத்தார்களே,
அவர்கள் பிறக்கிற இடத்தையும்.
கணு சுருங்கிவிட்டது. நல்ல செய்திதான்.
ஆனால் நேற்றைய நியூட்ரோஃபில் எண்ணிக்கை நானூறு.
இப்போது ஒரு இறால் கொம்பு போதும்.

சாயங்காலம் அவர் மனைவி மஞ்சுளா
துணிப்பை நிறையக் கொய்யா கொண்டுவந்தாள்.
பச்சையாக எதுவும் கூடாதும்மா என்றேன்.
"வெளியில வாங்கல சிஸ்டர்,
நம்ம வீட்டு மரத்துப் பழம்."

நம்ம.
கதவில் ஒரு கை வைத்தபடி நின்றேன்.
பழத்தை வாங்கி முகர்ந்தேன், நல்ல வாசம்,
திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு
எந்தப் பாடத்திலும் விடையில்லை.

கேட் தூக்குகிறார்கள்.
பின்னால் எல்லோரும் ஒரே ஹார்ன்.
நாற்பத்தொன்றா, நாற்பத்திரண்டா,
எண்ணிக்கை எங்கோ விட்டுப்போயிற்று.