கொவாச், பதினேழு

ஊத்துக்குளி ரோட்டில் எங்கள் கம்பெனி.
எங்கோ ஒரு பனி ஊரின் ஐஸ் ஹாக்கி டீமுக்கு
இருபத்தோரு வருசமாய்ப் பனியன் தைக்கிறோம்.
ஆட்டம் ஒன்றுகூட நான் பார்த்ததில்லை.
எனக்குத் தெரிந்த ஐஸ்
மீன்கடைப் பெட்டியில் மரத்தூள் ஒட்டிக் கிடப்பது.
தெரிந்த மனிதர்கள்
அந்த டீமின் ஜெனரல் மேனேஜர்கள்தான்.
முகம் தெரியாது, மெயில் தெரியும்.

ஹால்வர்சன் பச்சை வேண்டும் என்றார்.
எந்தப் பச்சை என்று சொல்லவில்லை.
சாயப்பட்டறைக்குப் பதினோரு நடை.
முருங்கை இலை, கிணற்றுப் பாசி, புகையிலை நாற்று,
எதுவும் ஆகவில்லை.
கடைசியில், மழை விட்ட மறுநாள் சோளக்காடு:
அதற்குத்தான் 'சரி' வந்தது.
அந்தப் பச்சையில் தொடர்ந்து பதினாலு தோல்வி.
சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறும்போது
ஆளே வேலையில் இல்லை.

டுவால் வந்தார். நீலமாக்கினார்.
ராத்திரி ஒன்றரைக்கு மெயில்:
நாலாம் நம்பரை நிறுத்து, முப்பத்தொன்றைக் கூட்டு.
வாங்குவார், விற்பார், வாங்கியதையே விற்பார்.
பிரிண்டிங் நாச்சிமுத்து கேட்டான்:
"ஏனுங்க, இவரு டீம் நடத்துறாரா,
தரகு பாக்குறாரா?"
கொவாச், பதினேழு.
ஊரே அந்தப் பேரைப் போட்டுத் திரிகிறது,
ஆறாயிரம் அடி என்றார்.
நாலாயிரத்து முந்நூறு அடித்த மத்தியானம்
கொவாச்சை விற்றுவிட்டார்.
லோடிங் வாசலில் பெட்டி பெட்டியாய்
ஒரே மனிதனின் பெயர்.
பணத்துக்கு எழுதிய கடிதத்துக்கு
டுவாலும் போன பிறகுதான் பதில் வந்தது.

பதில் போட்டவர் பெல்லமி, பழைய கோல்கீப்பர்.
பாதிப் பணம் தந்தார்.
கூடவே ஒரு வரி:
கைக்குழியில் ஒன்றரை இஞ்ச் கூட்டுங்கள்,
நான் அதற்குள் பன்னிரண்டு வருசம் இறுகிக் கிடந்தேன்.
அவர் காலத்தில் ரிஜெக்சன் இல்லை.
கோப்பையும் இல்லையாம்.

கோப்பை அதற்கடுத்தவர் காலத்தில் வந்தது.
அவர் அட்டவணை மட்டுமே அனுப்புவார்,
பெயர்கூட நினைவில்லை.
கட்டிங் டேபிளில் லட்டு வைத்தார்கள்.
யார் ஜெயித்தது என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது ஒரு பெண்மணி.
பெயருக்கடியில் 'தற்காலிகம்' என்று போடுவார்.
எட்டு மாதமாய்த் தற்காலிகம்.
போன வாரம் கேட்டார்:
அந்தப் பழைய பச்சை கிடைக்குமா?
பட்டறையைச் சீல் வைத்து ஒன்பது வருசம்.
என் மேசை டிராயரில் ஒரு துண்டு இருந்தது,
கூரியரில் போட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு
கன்னிவாடிச் சந்தைக்குப் போனேன்,
காதுகுத்துக்கு ஒரு கிடாய் பிடிக்க.
துண்டுக்கடியில் என் விரலைப் பிடித்த தரகர்
ஒரு தரம் அழுத்தினார், அப்புறம் அரை.
சாட்சிக்கு யாரையோ கூப்பிடத் திரும்பினார்.
முதுகில், வெளுத்த நீலத்தில்,
கொவாச், பதினேழு.
காதர்பேட்டையில் கிலோக் கணக்கில் போன சரக்கு.
ஒரு எழுத்தும் உரியவில்லை.
நாச்சிமுத்து அடித்தது.

பேரம் பேச மறந்து
அவர் கேட்டதையே கொடுத்தேன்.