முன்னூறு கிராம்

நாயும் பையும் சேர்த்து ஏழு கிலோ.
மேலே போனால் சரக்கோடு சரக்காய்
அடியில், இருட்டில்,
என்றது போனில் ஒரு பெண்குரல்.
பை ஒன்றே கால்.
காலண்டர் தாளின் பின்பக்கம் கழித்துப் பார்த்தேன்:
ஐந்தே முக்கால்.

ரேஷன் கடைத் தராசில் உமி நிற்கவில்லை.
நெல் கொள்முதல் நிலையத்துக்குத் தூக்கிப்போனேன்.
நனைந்த குறுவை ரோட்டோரம் முளைகட்டிக் கிடக்க
மூட்டை ஏறும் தராசில் ஏறி உட்கார்ந்தான்,
அரைமில்லுக்குப் பின்னால், உமிக் குவியலில்
நான் கண்டெடுத்தவன்.
லோடுமேன் செங்குட்டுவன் அவன் வயிற்றை அமுக்கி
"ஈரப்பதம் இருபத்திரண்டு. எடுக்க முடியாது.
காயவெச்சுக் கொண்டாங்க" என்றார்.
நாலு நாளாய் வரிசையில் கிடந்தவர்களும் சிரித்தார்கள்,
ஒருவர் தவிர.
ஆறு கிலோ ஐம்பது.
முன்னூறு கிராம் கூடுதல்.

கால்நடை மருத்துவமனையில்
ஒரு சினைமாட்டுக்கும் இரண்டு ஆட்டுக்கும் பின்னால் நின்றோம்.
"பிளேனுக்கா?" என்று டாக்டர் மெர்சி இரண்டு தடவை கேட்டார்.
வெறிநாய் ஊசி போட்டு முப்பது நாள் ஆகவேண்டுமாம்.
ஆக, தேதியை நான் குறிக்கவில்லை.
எட்டு மாதமாய்க் குறிக்க முடியாததை
ஊசி குறித்தது.

அரைக் கைப்பிடிச் சோறுதான் போட்டேன்.
இரண்டு வாரமாகியும் எடை அசையவில்லை.
ஒருநாள் விடியலில் அவன் பின்னாலேயே நடந்தேன்.
அதிபன் டீக்கடையில் பொறை, இரண்டு.
அங்கன்வாடி வாசலில் முட்டையின் மஞ்சள்.
யாசின் பாயின் ஐஸ்பெட்டியடியில் மத்தித் தலை.
தவமணி வீட்டுக் கொல்லையில்
அவனுக்கென்றே ஒரு அலுமினியத் தட்டு.
ஓரிடத்தில் டைகர், ஓரிடத்தில் மணி,
தவமணிக்கு மட்டும் ஏனோ கலெக்டர்.
எல்லாப் பெயருக்கும் வாலாட்டினான்.

வந்த வழியே திரும்பி ஒவ்வொரு வாசலாய் நின்றேன்.
நாய்க்கு இனி எதுவும் போடாதீங்க.
"ஏன், நோவா?"
இல்லை. பிளேன்ல போறோம்.
"எங்க?"
நாக்பூர். வேலை கிடைச்சிருக்கு.
"யாரெல்லாம்?"
ஒரு ஆள், ஒரு நாய்.

இப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது.
யாசின் பாய் மட்டும் மேலே கேட்கவில்லை.
நறுக்கிய தலையை
திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

இரைச்சல் பழக வேண்டும் என்றார்கள்.
பக்கத்து வயலில் அறுவடை மிஷின் இறங்கிய அன்று
பையில் வைத்து வரப்போரம் உட்கார்ந்தேன்.
கொக்குகள் பின்னாலேயே ஓடின.
தூசி, வைக்கோல், தகரம் தகரமாய் உதறும் சத்தம்.
வலைத்துணி வழியே பார்த்தேன்,
மூக்கை வாலில் புதைத்துத் தூங்குகிறான்.
காதைப் பொத்திக்கொண்டிருந்தது நான்தான்.
நானும் இதுவரை ஏறியதில்லை.
எனக்கு யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

கடைசி எடை: ஐந்து கிலோ எண்ணூறு.
ஐம்பது கிராமுக்குப் பையின் பக்கவாட்டு ஜேபியைப்
பிளேடால் பிரித்தேன். தோள்வாரைக் கழற்றினேன்.
கழுத்துமணியை எடுத்தபோது
அது இல்லாமல் வீட்டில் அவன் எங்கே இருக்கிறான் என்று
தேடவேண்டியிருந்தது.

மூன்றரை மணிக்குக் கார்.
திருச்சி போக மூன்று மணிநேரமாவது ஆகும்,
துவாக்குடியில் நிறுத்தி ஒன்றுக்குப் போகவிடணும்.
ராத்திரியிலிருந்து அவனுக்குப் பட்டினி.
எனக்கும்தான், யாரும் சொல்லவில்லை.

முடிகொண்டான் ஆற்றுப் பாலத்துக்கு முன்னால்
ஐந்து மணிக்குத் திறக்கும் டீக்கடையில் விளக்கு எரிந்தது.
அதிபன் கைகாட்டி நிறுத்தி
ஜன்னல் வழியே ஒரு பொட்டலம் நீட்டினார்.
"பொறை. எறங்கின பெறவு குடுங்க."
இரண்டல்ல, கனத்தது.
என் கைப்பைக்குள் வைத்தேன்.
அதையும் நிறுப்பார்களா, தெரியாது.
பைக்குள்ளிருந்து மூக்கு மட்டும்
அந்தப் பக்கம் திரும்பியது.