முழங்காலுக்குக் கீழே

தை மாதத்துக் கடைசி முகூர்த்தம்.
கோட்டையூரில் மாப்பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்புகையில்
மச்சான் காஜாவின் ஜெனரேட்டர் வண்டி
பின்னால் வந்து உரசியது.
தகரத்தின் ஓரம்.
ஜரிகை ஒருமுறைதான் கனைத்தாள்.
டியூப் லைட் வெளிச்சத்தில் எலும்பு தெரிந்தது,
தேங்காய்க் கீற்று மாதிரி வெள்ளையாய்.

பந்தலில் இருந்த எல்லோருமே வைத்தியர்கள்.
ஒருவர் மஞ்சள் என்றார், ஒருவர் மண்ணெண்ணெய்,
சமையல் மாஸ்டர் காபித்தூளோடு ஓடிவந்தார்.
கைகளைத் தட்டிவிட்டுக்
குடிதண்ணீர் கேனைச் சாய்த்து ஊற்றினேன்,
ஒன்று, இரண்டு, ஏழு கேன்.
காஜா ஏதோ சொன்னான். நானும் சொன்னேன்.
அந்த வார்த்தைகள் இங்கே வேண்டாம்.

டாக்டர் மெர்லினுக்கு நாகர்கோவில்.
புதுவயலுக்கு வந்து ஆறு மாதம்.
குந்தி உட்கார்ந்து பார்த்தார்:
"தொடையில் பட்டிருந்தால் கவலையில்லை ராவுத்தரே.
முழங்காலுக்குக் கீழே சதையே கிடையாது.
குழந்தைப் போர்வையால் பெரியவரை மூடுகிற கதை,
இழுத்தாலும் எட்டாது."
டெட்டனஸ் ஊசி போட்டுவிட்டு
உமி விரிக்காதீர்கள் என்றார்.
அரிசி மில் ஊரில் உமியில்லாத லாயம்!

மருந்துத் துணி, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் கிரேப் கட்டு.
இறுக்கினால் நரம்பு வீங்கும்,
தளர்ந்தால் சரிந்து அறுக்கும்.
அந்தக் கணக்கு என் கைக்கு வரவில்லை,
ரமீஜாவின் கைக்கு வந்தது.
நல்ல காலுக்கும் ஒரு கட்டு.
பாரம் முழுக்கத் தாங்குவது அதுதானே,
புகார் சொல்லத் தெரியாத கால்.

பங்குனியில் புண் நிரம்பியது,
சிவப்பாய், ஈரமாய், மாதுளை முத்து மாதிரி.
"ஆறிப்போச்சு" என்றது தெரு.
நானும் நம்பி
பள்ளத்தூர் வீட்டில் சித்திரைக்கு அட்வான்ஸ் வாங்கினேன்.
அடுத்த வாரம்
சதை தோலைத் தாண்டி எழும்பி நின்றது,
மூடியைத் தள்ளும் ஆப்பமாவு.

மிகைச்சதை என்றார் மெர்லின்.
புண்ணுக்கு ஆறுவதில் அவசரம்.
தோல் ஓரத்திலிருந்து நடந்துதான் வர வேண்டும்,
மாதத்துக்கு ஒரு சீரகச்சம்பா அகலம்.
அதற்கு மேடு ஏறத் தெரியாது.

பிளேடு வைத்தபோது ஜரிகை அசையவில்லை.
அந்தச் சதைக்கு வலியே கிடையாதாம்,
ரத்தம் மட்டும் உண்டு,
குடம் கவிழ்ந்த மாதிரி.
எனக்குத்தான் கால் நடுங்கியது.
அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன்.

வைகாசியில் இன்னொரு முறை.
மூன்றாம் முறை தலையைப் பிடிக்க ஆளில்லை.
யார் சொல்லி வந்தானோ, வாசலில் காஜா.
செருப்பைக் கழற்றிவிட்டுக்
கயிற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.
மன்னிப்புக் கேட்கவில்லை.
நானும் டீ சொல்லவில்லை.
ஜரிகை மட்டும் அவன் சட்டைப்பையில் மூக்கை நுழைத்து
வெல்லம் தேடினாள்.
இருந்தது.

ஆவணியில் இரு கரைத் தோலும் தொட்டுக்கொண்டன.
கருங்காலின் நடுவே
ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளை முடி.
பெண் வீட்டார் சுழி பார்ப்பார்கள், தழும்பும் பார்ப்பார்கள்.
மை பூசிவிடலாம் என்கிறாள் ரமீஜா.

காஜா தன் வண்டித் தகரத்துக்குச்
சைக்கிள் டயரை வெட்டி விளிம்பு கட்டியிருக்கிறானாம்.
இன்னும் போய்ப் பார்க்கவில்லை.