ஒரு முழம்

கில்லமுக்குத் தெற்கே, மைனஸ் முப்பத்தொன்று.
லிஃப்ட் வாளியில் நானும் வெய்னும்.
இன்று மின்சாரம் நிறுத்தம். இரண்டு கம்பிகளும்
முன்பின் தெரியாதவை போலத் தொங்குகின்றன.

நாளை ஓட்டம் வரும், இரண்டிலும் ஒரே திசையில்.
ஒன்று மற்றதன் பக்கம் சாயும்,
கண்ணுக்குத் தெரியாத சாய்வு.
எங்காவது கோளாறென்றால் மட்டும்
சாய்ந்தது பாய்ந்து அறையும்.
இதோ, இழை நசுங்கிய இடம்.

அதனால்தான் நடுவே முழ நீளத்தில்
ஓர் அலுமினியக் கட்டை.
நட்டை முறுக்குகிறேன்.

சாருமதியும் நானும் ஒரே விமானத்தில் வந்தோம்.
ஒரே ஆஸ்பத்திரியில் தரை துடைத்தோம்.
ஒரே சமையலறையில், ஒரு தேங்காய்த் துருவிக்காக,
பக்கத்து வீடு போலீஸை அழைக்குமளவு கத்தினோம்.
இப்போது அவள் தாம்சனில்.
நாலு மணி நேர ரோடு.

கிளிக் என்றது ஸ்பானர்.
“போதும்,” என்றான் வெய்ன்.

ஞாயிறு போகலாம்.
இரவு தங்க வேண்டாம்.