மணிக்கட்டு

ஹாமர்ஃபெஸ்ட்டில் ஜனவரி. சூரியன் இன்னும் திரும்பவில்லை.
பகல் பதினொன்றுக்கு ஜன்னலில் வெறும் நீலம்.
நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர்,
காகிதம் அவ்வளவு நிதானமாகத்தான்
இயந்திரத்தின் வாயிலிருந்து நழுவுகிறது.

மேல்கோடு பிள்ளை. கீழ்க்கோடு வலி.
பழகிவிட்டால் இதுவும் ஒரு கையெழுத்து.
கோட்டில் நடுக்கம் இருந்தால் எங்களுக்கு நிம்மதி,
வழவழவென்று போனால்தான் வயிற்றைக் கலக்கும்.
வலியோடு இறங்கி வலியோடு ஏறினால்
தலை அமுங்குகிறது, அவ்வளவே.
வலி வடிந்த பிறகும் ஏறாமல் கிடந்தால்
காபியை வைத்துவிட்டு எழுந்து வருவேன்.

இங்கா மாரெத் கத்துவதில்லை.
கலைமான் மேய்ப்பவள். கட்டில் கம்பியை
முரண்டும் கிடாயின் கொம்பைப் போலப் பிடித்திருக்கிறாள்.
முக்கத் தொடங்கி நாற்பது நிமிடம்.

கோடு அழகாக இருந்தது.
நூற்றுப் பதினைந்து. ஒவ்வொரு முக்கலுக்கும்
நூற்று ஐம்பதைத் தொட்டுத் திரும்பியது.
"கெட்டிக்காரப் பிள்ளை" என்றார் டாக்டர் எஸ்பென், கதவில் சாய்ந்தபடி.
ஆமாம் என்று நானும் காகித ஓரத்தில் கையெழுத்திட்டேன்.
மணி 11.20.

பிறகுதான் உறைத்தது.
மண்டையெலும்பு ஒன்றன்மேல் ஒன்றேறும் அந்த இடுக்கில்
எந்தப் பிள்ளை இத்தனை குஷியாக ஓடும்?
முக்கும்போது படபடப்பது யார் நெஞ்சு?

அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.
விரலடியில் ஒன்று. ஒலிபெருக்கியில் ஒன்று.
விரல், ஒலி. விரல், ஒலி.
நடுவே மயிரிழை நுழைய இடமில்லை.

தாயைக் கேட்டுப்
பிள்ளையை எழுதிக்கொண்டிருந்தோம்.

உச்சந்தலைத் தோலில் கம்பிச்சுருளைத் திருகினேன்.
எண்பத்திரண்டு.
ஏறவில்லை.
எஸ்பென் கையுறையைக் கிழித்து மாட்டினார், இடக்கை வலக்கையில்.
வேக்குவம் கிண்ணம். இரண்டு இழுப்பு.
ஆண். ஜன்னலின் அதே நீலம்.
துவட்டினோம், பையால் ஐந்து மூச்சு ஊதினோம்,
ஆறாவதைத் தானே இழுத்தான், கோபமாக.

என் கையெழுத்தை அடிக்கவில்லை, அடிக்கவும் கூடாது.
கீழே எழுதினேன்: 'பதிவானது தாயின் நாடியாக இருக்கலாம்.
எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.'

மாலையில் மணிக்கட்டின் கன்றலைக் காட்டி
எதற்கு இப்படி நசுக்கினீர்கள் என்றாள்.
ஒளிக்காமல் சொன்னேன்.
வெகுநேரம் பிள்ளையின் காதையே தடவிக்கொண்டிருந்தாள்.

"எங்கள் பட்டியில் கன்றுகளைக் கலந்து விட்டுவிட்டு
சும்மா நின்று பார்ப்போம்,
எது எந்தத் தாயின் பின்னால் ஓடுகிறதென்று.
அதற்கப்புறம்தான் காதில் குறி வெட்டுவது.

அதற்குள் குளிரில் கால் மரத்துப்போகும்" என்றாள்.