ஒற்றைப்படை

பூண்டு பறித்த பாத்தியில்தான் முதல் துண்டு வந்தது.
மண்வெட்டி ணங் என்றது. கல் என்று நினைத்தேன்.
கல் அப்படிப் பேசாது.

துரு தின்றது போக மிச்சம்
ஒரு மாம்பழக் கீற்று அளவு.
ஒரு பக்கம் நேர், ஒரு பக்கம் வளைவு,
வளைவின் ஓரம் மூன்று ஓட்டை.
ஒன்றில் மட்டும் ஆணித்தலை,
பிடிவாதமாக.

மறுநாள் இரண்டு. மழை கழுவிய வரப்பில் ஐந்து.
சித்திரை முடிவதற்குள்
பிஸ்கட் டப்பாவில் முப்பத்தொன்று.

ஹெலன் டீச்சர் காந்தம் கொண்டுவந்தார்.
ஒட்டியது. இரும்பு என்றார்.
அதற்குமேல் காந்தத்துக்குத் தெரியவில்லை.

கோயில் மணியக்காரர் ஒன்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு
வேலப்பர் சேனையின் வேல்முனை என்றார்.
வேலுக்கு எதற்கு ஆணி ஓட்டை என்றேன்.
திருவிழா வசூலைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

பழைய இரும்பு சாகுலுக்கு எல்லாமே தராசுதான்:
"ஒண்ணேமுக்கால். துரு போக ஒன்றரை."
கிராம உதவியாளர் மட்டும் குரலைத் தாழ்த்தி
புதையல்னா தாசில்தாருக்கு எழுதணும் என்றார்.
எழுதட்டுமா என்றும் கேட்டார்,
டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்து.

மூட்டை ஏற்றக் குதிரையோடு வந்த பூவலிங்கம்
யோசிக்கவே இல்லை.
டப்பாவைச் சாக்கின்மேல் கவிழ்த்தான்.
ஒன்றை எடுத்து வைத்தான்.
இன்னொன்றைத் துழாவி எடுத்து, அதன் அருகே,
நேர்ப்பக்கம் நேர்ப்பக்கத்தைப் பார்க்க,
நடுவில் ஒரு விரல் இடம் விட்டு.
சாக்கின்மேல் ஒரு குளம்பு நின்றது.

"குதிரைக்கு முழு லாடம். மாட்டுக்குப் பாதி பாதி.
பொதிமாடுண்ணே. ரோடு வர்றதுக்கு முன்னால
உப்பு, புளியெல்லாம் இதுங்க முதுகுலதான் ஏறியிருக்கும்."
பதினைந்து குளம்பு வைத்து முடித்தான்.
ஒரு பாதி தனியாக.
பிறகு நிமிர்ந்து என் நிலத்தைப் பார்த்தான்.
"எங்கெங்க கிடைச்சுது?"

நான் சொல்லவில்லை.
அன்று ராத்திரி டார்ச்சோடு போய்
கிடைத்த இடத்திலெல்லாம் மனசுக்குள் ஒரு குச்சி நட்டேன்.
ஓடைக் கல்லில் தொடங்கி
ஏழு அடுக்குப் பாத்தியையும் கோணலாக அறுத்துக்கொண்டு
செவனம்மா நிலத்து வேலி வரை
ஒரே கோடு.

அந்த வேலி நான் போட்டது.
இங்கே எந்தக் காலத்திலும் பாதை இருந்ததில்லை என்று
கொடைக்கானல் முன்சீப் கோர்ட்டில்
கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.
பொய் என்று தெரிந்து சொல்லவில்லை.
மூன்று வருஷமாய் அவள்
பூண்டு மூட்டையைத் தலையில் வைத்து
ஓடையைச் சுற்றி இறங்குகிறாள்.

டப்பாவை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன்.
சாகுல் மறுபடி வரும் நாளை எண்ணினேன்.
ஒண்ணேமுக்கால் கிலோ பாதை.

வியாழக்கிழமை, வேலிக்கு அந்தப் பக்கம் குரல்.
மூன்று வருஷத்தில் அவள் என்னைக் கூப்பிட்டதில்லை.
"உங்க காட்டுல என்னமோ இரும்பு கிடைக்குதாமே.
என் கேரட்டுக்கு அடியில இது கெடந்துச்சு.
என்னன்னு தெரியுமா?"
முள்கம்பிக்கு நடுவே கை நீண்டது.
வாங்கினேன்.

ஜோடியில்லாமல் என்னிடம் நின்றது இடப்பாதி.
அவள் கொடுத்ததும் இடப்பாதி.
பொருந்தாது.
அப்படியென்றால் மண்ணுக்குள் இன்னும் இரண்டாவது இருக்கும்,
என் பக்கமோ அவள் பக்கமோ.
மாடு சர்வே நம்பர் பார்த்து உதிர்க்கவில்லை.

"தெரியுமா, தெரியாதா?"
கை இன்னும் கம்பிக்குள்தான் இருந்தது,
திரும்ப வாங்கிக்கொள்ள.

வாங்க, வீட்டில் இன்னும் இருக்கு, காட்டுறேன் என்றேன்.
"எப்படி வர்றது?" என்றாள்.