ஏறுவதற்குப் பத்து தெத்ரி

ஏறுவதற்குப் பத்து தெத்ரி,
இறங்குவது இலவசம்.
திபிலிசியில், எங்கள் க்ல்தானிப் பகுதியில்
லிஃப்டுகளின் சட்டம் அது.
காசு விழும் ஓசை கேட்டால்தான்
இரும்புக் கூண்டுக்கு உயிர் வரும்.

மாதக் கடைசியில் அந்த உண்டியல்களைத் திறப்பவள் நான்.
பதினோரு கட்டடம், பதினோரு சாவி,
எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு முக்கோணச் சாவி.
அதைப் போட்டுத் திருப்பினால்
லிஃப்ட் காசும் கேட்காது, கணக்கிலும் வைக்காது.

காசு மட்டுமா விழுகிறது?
கோட்டுப் பொத்தான், துருக்கி நாணயம்,
ஒருமுறை ஒரு பால்பல்.

விடிந்ததிலிருந்து எந்திரங்களோடுதான் எனக்குப் பேச்சு.
ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி
கையை இறுக்கிப் பிடித்து, பெருமூச்சு விட்டு
ஒரு எண்ணைச் சொல்லும். ஆறுதல் சொல்லாது.
துணி துவைப்பது, கடைசிச் சுற்றில்
குளியலறையை விட்டே வெளியேறப் பார்க்கும்;
முழங்காலால் அணைபோட்டு நிற்பேன்.
பேருந்தில் அட்டையைக் காட்டினால் ஒரு கீச்.
ரொட்டிக்கடை முனையில் பில் கட்டும் பெட்டி
என் நோட்டை இழுத்துச் சுவைத்துவிட்டுத்
திரும்பத் துப்பும். மூலை மடங்கியிருக்கிறதாம்.
என் முதல் மாமியாரும் அப்படித்தான்.

ஆறாம் எண் கட்டடத்து லிஃப்டில்
ஏற்றங்களை எண்ணும் மீட்டர் ஒன்று உண்டு.
அது எண்ணூற்று நாற்பது என்னும்;
உண்டியல் எண்ணூற்று இருபத்தேழு என்னும்.
மாதா மாதம் பதின்மூன்று குறையும்,
சில மாதம் பன்னிரண்டு.
படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
மின்தடை, என்று எழுதுவேன்.
எந்திரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது;
அந்த வேலை என் பங்குக்கு வந்தது.

யாரென்று தெரியும். ஒன்பதாவது மாடி ஜும்பர்.
செவ்வாய், வியாழன், சனி
ஆஸ்பத்திரியில் ஒரு எந்திரத்திடம்
உடம்பின் ரத்தத்தையெல்லாம் கொடுத்து
அது அலசித் தந்ததை வாங்கிக்கொண்டு வருவார்.
துளையிட்ட பத்து தெத்ரி, துளையில் நீல நூல்.
உள்ளே விடுவார்; கூண்டு அசைந்ததும்
சுண்டி இழுப்பார், தூண்டில்காரர் மாதிரி.
காசில்லாமலா? தெரியாது.
நாலு மணிநேரம் ஒரு எந்திரம் தன்னைக் கட்டிப்போடுகிறது,
இன்னொன்றாவது தன்னிடம் ஏமாறட்டும்
என்றும் இருக்கலாம்.
ஒருநாள் பார்த்துவிட்டேன்.
பார்க்கவில்லை என்று இருவரும் முடிவு செய்துகொண்டோம்.

மார்ச்சில் கணக்கு சரியாக இருந்தது.
எழுநூற்றுத் தொண்ணூறுக்கு எழுநூற்றுத் தொண்ணூறு.
மறுபடி எண்ணினேன்.
சரியாகவே இருந்தது.
உள்ளங்கை வியர்த்தது.

காசுகளைத் துணிமேல் பரப்பிக் கிளறினேன்.
ஒன்றில் துளை; துளையில் விரற்கடை நீல நூல்.
அறுந்தது நூல்தான், சியூரி,
நூல் மட்டும்தான், என்று
என் பெயரைச் சொல்லி நானே சொல்லிக்கொண்டு
படியில் ஏறினேன். லிஃப்ட் பக்கத்திலேயே நின்றது;
ஏன் ஏறவில்லை என்று கேட்காதீர்கள்.

ஆறாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தார்.
முழங்கை மடிப்பில் பஞ்சு, பிளாஸ்திரி.
மடியில் பை, பையில் ரொட்டி.
"டாக்டர் நடக்கச் சொன்னார்," என்றார்.
நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

முக்கோணச் சாவியைத் திருப்பினேன்.
கூண்டு வந்தது, சத்தமில்லாமல் சேவகம் செய்தது.
மூன்று மாடி. இருவரும் கதவையே பார்த்தபடி.
மேலே எங்கோ வடம் முனகியது.
ஒன்பதில் அவர் இறங்கும் நேரத்தில்
துளைக்காசை ரொட்டிக்கு அடியில் நழுவவிட்டேன்.
நூலை அவர் பார்த்துக்கொள்வார்.
கணக்கில் அந்தப் பத்து தெத்ரி
என் பணப்பையிலிருந்து போனது.

ஏப்ரலில் பதின்மூன்று குறைந்தது.
மின்தடை, என்று அழுத்தி எழுதினேன்,
பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில்.

அன்று ராத்திரி நிஜமாகவே மின்சாரம் போனது.
குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை உடம்பை உலுக்கி
அடங்கியது. க்ல்தானி முழுக்க
எண்ணுவது எதுவுமில்லை.
இருட்டில் தனியாக உட்கார்ந்து
வாய்விட்டுச் சிரித்தேன்.